ஒரே பிள்ளையைக் குறிவைத்துச் சீண்டுகிறார்கள்: கைகுலுக்க வைத்தால் தீருமா?

வகுப்பாசிரியை_7 (கேள்வி)

வணக்கம். ஏழாம் வகுப்பில் ஒரு மாணவனைச் சுற்றி நடப்பதைப் பற்றி விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது. அடிதடி எதுவும் கிடையாது. பட்டப்பெயர் இருக்கிறது. குழுவாகச் செய்யும் வேலை என்றால் அவனைச் சேர்த்துக்கொள்ள ஆளில்லை. பதில் சொல்ல எழுந்தால் பின்வரிசையிலிருந்து ஒரு இருமல் வரும், அதற்கு நாலு பேர் சிரிப்பார்கள், அவன் பாதி வாக்கியத்திலேயே உட்கார்ந்துவிடுவான். அவன் முகத்தை ஸ்டிக்கராக்கி வகுப்புப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருப்பதாகவும் தெரிகிறது. கேட்டால், "ஒண்ணுமில்ல மிஸ், சும்மா விளையாடுறாங்க" என்கிறான்.

ஆசிரியர் அறையில் மூன்று யோசனைகள் ஓடுகின்றன. இரண்டு தரப்பையும் எதிரெதிரே உட்கார வைத்துச் சமாதானம் செய்து கைகுலுக்க வைப்பது. கண்டுகொள்ளாமல் விட்டால் தானாக அடங்கும் என்பது. "திருப்பிக் கொடுத்தால்தான் அடங்குவார்கள்" என்று அவனுக்குத் தைரியம் சொல்வது. மூன்றுமே எனக்குச் சரியாகப் படவில்லை, ஆனால் ஏன் என்று எடுத்துச் சொல்ல வேண்டும். புல்லிங் என்கிறார்களே, ஒருவரைக் குறிவைத்துத் தொடர்ந்து சீண்டுவது, இது அதுதானா? அவனிடம் எப்படிப் பேசுவது, செய்கிறவர்களிடம் எப்படிப் பேசுவது? இப்படியே விட்டால் அவனுக்கு என்ன ஆகும்?

பள்ளி_ஆலோசகர்

டீச்சர், இது புல்லிங்தான் என்று சொல்ல அந்த இருமல் ஒன்றே போதும். தனியாகப் பார்த்தால் அது வெறும் இருமல், யாரையும் தண்டிக்க முடியாது. ஆனால் அவன் எழும்போது மட்டும் வருகிறது, ஒவ்வொரு முறையும் வருகிறது, வகுப்புக்கே அதன் பொருள் தெரிந்திருக்கிறது. புல்லிங் பற்றிய ஆய்வுக்கு 1970களில் அடித்தளம் போட்ட டான் ஓல்வேயஸ் வலியுறுத்தியது மூன்று அடையாளங்களை: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இரு தரப்புக்கும் இடையே பலம் சமமாக இல்லாதது. பலம் என்றால் உடல் பலம் மட்டும் கிடையாது. ஆள் எண்ணிக்கை, வகுப்பில் இருக்கும் செல்வாக்கு, பேச்சுத் திறன், இவனைப் பற்றிய ஒரு ரகசியம் அவர்கள் கையில் இருப்பது, எல்லாமே பலம்தான். உங்கள் வகுப்பில் மூன்றும் பொருந்துகிறது.

மூன்றாவது அடையாளத்தை மனதில் வைத்துப் பார்த்தால் கைகுலுக்கல் ஏன் உதவாது என்பது புரியும். சமாதானப் பேச்சு என்பது சமமான இருவருக்கு. இருவர் கையிலும் விட்டுக்கொடுக்க ஏதோ ஒன்று இருக்கும். இங்கே இந்தப் பையன் எதை விட்டுக்கொடுப்பான்? எதிரே அவர்களை வைத்துக்கொண்டு கேட்டால், "ஆமா மிஸ், விளையாட்டுதான்" என்று அவனே சொல்லிவிடுவான். அதுவே பிறகு அவர்களுக்கு உங்கள் முன்னிலையில் கிடைத்த அனுமதி ஆகிவிடும். அறையை விட்டு வெளியே வந்ததும் "போட்டுக்கொடுத்தவன்" என்ற இரண்டாவது பட்டப்பெயரும் சேரும்.

வரிசை முக்கியம். முதலில் இரண்டு மூன்று நாள் நீங்களே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்: தேதி, பாடவேளை, இடம், யார் ஆரம்பித்தது, யார் சிரித்தது, அவன் என்ன செய்தான். அபிப்பிராயம் எழுத வேண்டாம். "கேலி செய்தார்கள்" என்று எழுதினால் நாளைக்கு அதைப் பற்றி வாதம் வரும். "3ஆம் பாடவேளை, அவன் எழுந்ததும் கடைசி வரிசையில் இருமல், நால்வர் சிரிப்பு, பதில் சொல்லாமல் உட்கார்ந்தான்" என்று எழுதினால் வாதத்துக்கு இடமில்லை. (அடி உதை, மிரட்டல், பணம் பறிப்பு என்று இருந்தால் இந்த இரண்டு மூன்று நாள் கணக்கு செல்லாது. அன்றைக்கே தலையிட வேண்டும்.)

அடுத்து அவனிடம் பேசுங்கள். வகுப்பு நடுவில் "நீ மட்டும் வா" என்று கூப்பிடாதீர்கள், மற்றவர்களுக்குச் செய்தி போய்விடும். புத்தகம் அடுக்கவோ அட்டவணை ஒட்டவோ உதவிக்கு வைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்று பேசுவது நல்லது. கண்ணுக்கு நேரே கேள்வி கேட்டால் இந்த வயதில் வாய் மூடிக்கொள்ளும். "உன்னை யாராவது துன்புறுத்துகிறார்களா?" என்பது ஆம் அல்லது இல்லை என்று முடிந்துவிடுகிற கேள்வி, பதில் எப்போதும் இல்லைதான். "இடைவேளையில எங்க இருப்ப?", "வரைபடம் வரையணும்னா ஸ்கூல்ல நீ போகப் பிடிக்காத இடம் எங்கெங்க குறிப்ப?", "குழு பிரிக்கும்போது என்ன நடக்குது?" என்று கேளுங்கள். நீங்கள் பார்த்ததை முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள்: "நீ எழுந்திருக்கும்போது வர்ற இருமலை நான் கவனிச்சிட்டிருக்கேன்." அப்போது அவன் புகார் சொல்லும் ஆள் ஆகாமல், உங்களுக்குத் தெரிந்ததை உறுதி செய்யும் ஆள் ஆகிறான். இந்த வேறுபாடு அவனுக்குப் பெரிய பாதுகாப்பு.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். "நான் என்ன செய்யப்போறேனோ அதை உன்கிட்ட முதல்ல சொல்லிட்டுத்தான் செய்வேன்" என்பது நீங்கள் காப்பாற்றக்கூடிய வாக்கு. "நீ அவங்களை என்ன பண்ண?" என்ற கேள்வி வரவே கூடாது. நல்லெண்ணத்தில் கேட்டாலும் அவன் காதில் "தப்பு உன்மேல்தான்" என்றே விழும்.

செய்கிறவர்களிடம் ஒவ்வொருவராக, ஒரே நாளில், ஒருவர் பின் ஒருவராகப் பேசுங்கள். இடையில் கலந்து பேசிக் கதை ஒத்திசைக்க நேரம் கொடுக்காதீர்கள். "ஏன் செய்தாய்?" என்று ஆரம்பித்தால் காரணங்கள்தான் வரும்: அவன்தான் முதலில், எல்லாரும்தான், சும்மா விளையாட்டுக்கு. ஏன் என்பதைக் கேட்காதீர்கள். பார்த்ததைச் சொல்லுங்கள், நிற்க வேண்டியது எது என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள் (இருமல், பட்டப்பெயர், ஸ்டிக்கர்), அடுத்து எந்தத் தேதியில் மறுபடி கூப்பிடுவீர்கள் என்று சொல்லுங்கள். 10 நிமிடம் போதும். "அவன் சொன்னான்" என்ற சொல் அந்த அறையில் வரக்கூடாது. நீங்கள் பார்த்தது, அவ்வளவுதான். அன்று மாலைக்குள் இரு தரப்புப் பெற்றோருக்கும் பள்ளியிலிருந்து தகவல் போய்விட வேண்டும். பிள்ளைகள் வாயால் முதலில் போனால் கதை வேறாக இருக்கும்.

மனநல_வாசகி

"இப்படியே விட்டால் என்ன ஆகும்" என்பதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் "தானாக அடங்கும்" என்பவர்களுக்குக் காட்ட வேண்டியது இதுதான்.

பிரிட்டனில் 1958இல் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து பார்க்கும் ஓர் ஆய்வு உண்டு. அதில் 7,771 பேரின் தகவலை எடுத்து, 7 வயதிலும் 11 வயதிலும் சீண்டலுக்கு ஆளானவர்கள் 50 வயதில் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்து 2014இல் வெளியிட்டார்கள். அடிக்கடி ஆளானவர்களிடம் மனச்சோர்வு, பதற்றக் கோளாறு, தற்கொலை எண்ணம் கூடுதல். உடல்நலமும் நினைவுத்திறனும் குறைவு. வேலை, வருமானம், உறவுகள் வரை பாதிப்பு. சிறுவயது அறிவுத்திறன், குடும்பப் பின்னணி, முன்பே இருந்த மனப் பிரச்சினை எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் இது மிஞ்சுகிறது. சுமார் 40 வருடம் கழித்து. அமெரிக்காவில் பிள்ளைகளை இளமைப் பருவம் வரை தொடர்ந்த இன்னொரு ஆய்வில், சீண்டலுக்கு ஆளானவர்களின் ரத்தத்தில் சி-ரியாக்டிவ் புரதம் என்ற அழற்சிக் குறியீடு மற்றவர்களைவிட அதிகமாக ஏறியிருந்தது. அதாவது பாதிப்பு உடம்பிலும் பதிவாகிறது.

எப்படி இவ்வளவு ஆழமாகப் போகிறது? ஒன்று, காத்திருப்பு. அடி விழும் நேரம் கொஞ்சம்தான், அடுத்தது எப்போது என்று உடல் நாள் முழுக்கத் தயாராகவே நிற்கிறது. தூக்கம், பசி, கவனம் மூன்றையும் அது தின்றுவிடும். மதிப்பெண் சரிவதற்குக் காரணம் சோம்பல் இல்லை, பாதி மூளை பின்வரிசையைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. இன்னொன்று, அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் விளக்கம். "அந்த வழியா போனது தப்பு" என்று நினைக்கும் பிள்ளை மீண்டுவிடும். "என்கிட்டயே ஏதோ கோளாறு இருக்கு, அதான் எல்லாருக்கும் என்னைப் பிடிக்கல" என்று முடிவு கட்டும் பிள்ளைக்குத்தான் மனச்சோர்வும் தனிமையும் ஒட்டிக்கொள்கின்றன. வகுப்பில் அவன் ஒருவன்தான் குறி என்றால் இந்த இரண்டாவது முடிவுக்கு வருவது மிகச் சுலபம். மேலே ஆலோசகர் "நீ என்ன பண்ண?" என்று கேட்காதீர்கள் என்றதன் காரணம் இதுதான்.

வீட்டில் தெரியும் அடையாளங்களைப் பெற்றோரிடம் சொல்லி வையுங்கள். பள்ளி நாள் காலையில் மட்டும் வயிற்றுவலி, தலைவலி, விடுமுறையில் கிடையாது. விடுமுறை முடியும் மாலையில் முகம் மாறுவது. சாப்பாட்டு டப்பா தொடாமல் திரும்புவது. தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே வீட்டுக்கு வந்தால் கட்டாயம் விசாரியுங்கள். பள்ளியில் பெரியவர்கள் கண் படாத இடம் கழிப்பறைதான். அங்கே போகப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகள் உண்டு, வீட்டுக்கு வந்ததும் நேரே கழிப்பறைக்கு ஓடுவார்கள். பொருள் அடிக்கடி தொலைவது, போகும் வழியை மாற்றுவது, தம்பி தங்கையிடம் திடீரென்று எரிந்து விழுவது, இவையும் சேரும். ஒன்று இருந்தால் வேறு காரணமாகவும் இருக்கலாம். மூன்று நான்கு சேர்ந்து இரண்டு வாரம் நீடித்தால் பேசியே ஆக வேண்டும்.

"நான் இல்லாம இருந்தா எல்லாருக்கும் நிம்மதி" போன்ற பேச்சு, பிடித்த பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, உடம்பில் கீறல், இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே நேரடியாகக் கேளுங்கள்: "செத்துப்போகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்காமல் விட்டால் அவன் தனியாகவே சுமப்பான். ஆம் என்றால் தனியே விடாதீர்கள், மருந்து மாத்திரை, கூர்மையான பொருள்களைக் கைக்கு எட்டாமல் வையுங்கள், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வாரக் கடைசி வரை தள்ளிப்போடும் விஷயமில்லை.

இதைப் படித்து யாரும் மனம் தளர வேண்டாம். பாதிப்பு கூடுதல் என்பதற்கு எல்லாருக்கும் வரும் என்று பொருளில்லை. நெருங்கிய நண்பன் ஒரே ஒருவன் இருந்தாலும், வீட்டில் ஒருவர் நம்பிக் கேட்டாலும் பாதிப்பு கண்ணுக்குத் தெரியக் குறைகிறது.

கரும்பலகை_ஓரம்

செய்கிறவனையும் பாதிக்கப்படுகிறவனையும் மட்டும் பார்த்தால் வேலை பாதிதான் முடியும். இந்தக் கதையில் சிரித்த நால்வர்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறார்கள். அவர்கள் சிரிக்காவிட்டால் அந்த இருமலுக்கு வேலையே இல்லை. பின்லாந்தில் கிறிஸ்டினா சல்மிவல்லி என்ற ஆய்வாளர் 1996இல் வகுப்பறையில் இருக்கும் பாத்திரங்களைப் பிரித்துக் காட்டினார்: நடத்துபவர், கூடச் சேர்பவர், சிரித்து ஊக்குவிப்பவர், ஒதுங்கி நிற்பவர், பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்பவர். நடத்துபவருக்கு வேண்டியது வகுப்பில் அந்தஸ்து, அதைக் கொடுப்பது பார்வையாளர்கள். பின்னாளில் அந்த நாட்டுப் பள்ளிகளில் பரவலான கிவா என்ற சீண்டல் தடுப்புத் திட்டத்தின் அடிப்படையும் இதுதான்.

கனடாவில் பள்ளி மைதானத்தில் கேமராவும் மைக்கும் வைத்துப் பதிவு செய்த ஆய்வு ஒன்று 2001இல் வந்தது. சம்பவங்களில் 88 சதவீதத்தில் மற்ற பிள்ளைகள் உடன் இருந்தார்கள், 19 சதவீதத்தில்தான் யாராவது குறுக்கிட்டார்கள். குறுக்கிட்டபோது பாதிக்கும் மேற்பட்ட முறை 10 விநாடிக்குள் நின்றுபோனது.

அதற்காக "நீங்கள் போய்த் தட்டிக் கேளுங்கள்" என்று பிள்ளைகளை அனுப்பிவிடாதீர்கள். அடுத்த குறி அவர்களாகிவிடுவார்கள். பிள்ளைகளையே நடுவராக்கும் திட்டங்கள் பின்னடைவைத் தந்திருக்கின்றன. 2011இல் டோஃபி, ஃபாரிங்டன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பல நாட்டுத் திட்டங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, முறையான பள்ளித் திட்டங்களால் சீண்டல் சுமார் 20 சதவீதம் குறைந்தது, ஆனால் சக மாணவர்களைக் கொண்டு தீர்க்க முயன்ற பகுதிகள் பாதிப்பைக் கூட்டியதோடு சேர்ந்து வந்தன. ஆகவே கேட்பது சிறியதாக இருக்கட்டும். வகுப்பில் மதிப்புள்ள, மனம் நல்ல இரண்டு முதல் நான்கு பேரைத் தனியாகக் கூப்பிட்டு, "அவனைக் காப்பாற்று" என்று சொல்லாமல், "மதியம் அவன் பக்கத்துல உட்காரு, இருமல் வந்தா சிரிக்காதே, வகுப்பு மாறும்போது கூட நட" என்று சொல்லுங்கள். எதிர்த்துப் பேச வேண்டியதில்லை. மதிப்புள்ளவன் சிரிக்காமல் இருந்தாலே மற்றவர்கள் சிரிப்பு தயங்கும்.

பிறகு உங்கள் கையில் இருக்கும் சில விஷயங்கள். "நீங்களே குழு பிரிச்சுக்கோங்க" என்பதை இந்தப் பருவம் முழுக்க நிறுத்துங்கள். யாருக்கும் வேண்டாதவனாகக் கடைசியில் நிற்பது வாராவாரம் எல்லார் முன்னிலையிலும் நடக்கும் அவமானம், அதை அரங்கேற்றுவது ஆசிரியரின் அந்த ஒரு வாக்கியம். பட்டியலை நீங்களே எழுதி ஒட்டுங்கள், நீங்கள் தனியாகக் கூப்பிட்டுப் பேசிய அந்த நல்ல பிள்ளைகளில் ஒருவர் எப்போதும் அவன் குழுவில் இருக்கட்டும். இருக்கை மாற்றும்போது மொத்த வகுப்பையும் மாற்றுங்கள், அவனை மட்டும் முன்னால் இழுத்து வந்தால் அதுவும் ஒரு முத்திரை. பள்ளியின் வரைபடத்தை நகல் எடுத்துப் பிள்ளைகளிடம் பெயர் எழுதாமல் கொடுத்து, பயமாக இருக்கும் இடத்தில் சிவப்புப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். படிக்கட்டுத் திருப்பம், கழிப்பறை நடை, வண்டி நிற்கும் இடம் என்று புள்ளிகள் குவியும். கண்காணிப்புப் பணியை அங்கே போடுங்கள், மணி அடித்த முதல் 5 நிமிடம் ஆசிரியர் அங்கே நிற்பது, பாதி இடைவேளை கழித்து வருவதைவிட மேல்.

செய்யக்கூடாதவை: காலைக் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் சொற்பொழிவு (எல்லாருக்கும் யார் என்று தெரியும்), மொத்த வகுப்புக்கும் தண்டனை (பழி அவன்மேல் விழும்), முதல் தடவையிலேயே வெளியேற்றம் (தண்டனை பெரிதாக இருந்தால் பிள்ளைகள் தகவல் சொல்லவே மாட்டார்கள்).

இணைய_ஒழுங்கு

ஸ்டிக்கர் விஷயம் மட்டும். அழிக்கச் சொல்வதற்கு முன் பதிவு எடுங்கள். பலர் கோபத்தில் முதலில் அழிக்க வைத்துவிட்டுப் பிறகு ஆதாரம் தேடுகிறார்கள். ஸ்கிரீன்ஷாட்டில் குழுவின் பெயர், அனுப்பியவர், தேதி, நேரம் எல்லாம் தெரிய வேண்டும். படத்தை மட்டும் வெட்டி வைத்தால் பயனில்லை. முன்பின் நாலைந்து செய்திகளும் சேர்ந்து இருக்கட்டும், யார் சிரித்தார்கள் என்பதும் அதில்தான் இருக்கும். வாட்ஸ்அப்பில் உரையாடலை மொத்தமாக ஏற்றுமதி செய்யலாம். சில குழுக்களில் அதை முடக்கி வைத்திருப்பார்கள், அப்போது ஸ்கிரீன்ஷாட்தான் வழி. தானாக மறையும் படம் என்றால் இன்னொரு போனால் திரையைப் படம் எடுங்கள். பதில் எதுவும் எழுத வேண்டாம். பதிவு, பிறகு புகார், பிறகு தடை, இந்த வரிசையில்.

படம் ஆடையில்லாமலோ பாலியல் முறையிலோ இருந்தால் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. சிறாரின் அப்படிப்பட்ட படத்தைச் சேமிப்பதும் ஆதாரத்துக்கென்று இன்னொருவருக்கு அனுப்புவதும் பல நாடுகளில் குற்றம். யார், எப்போது, எந்தக் கணக்கு என்று கையால் எழுதி வைத்துக்கொண்டு காவல்துறைக்குப் போங்கள். 18 வயதுக்குள் எடுத்த படங்களுக்கு "டேக் இட் டவுன்" என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் போனை விட்டு வெளியே போகாது, அதன் எண்வடிவக் கைரேகை மட்டும் போகும், பங்கேற்கும் தளங்கள் அதை வைத்துத் தேடி நீக்கும்.

பாதிக்கப்பட்ட பையனின் போனைப் பிடுங்கி வைக்காதீர்கள் என்று பெற்றோரிடம் சொல்லுங்கள். போன் போய்விடும் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை.

வகுப்பாசிரியை_7

எல்லாருக்கும் மிக்க நன்றி. இரண்டு கேள்வி மிச்சம். "திருப்பி அடி" என்கிற அப்பாவிடம் என்ன சொல்வது? எல்லாம் செய்த பிறகும் நிற்கவில்லை என்றால் அவனை வேறு பிரிவுக்கு மாற்றலாமா?

பள்ளி_ஆலோசகர்

அப்பாவின் கோபத்தை மறுக்காதீர்கள், அது நியாயமான கோபம். பலன் என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்லுங்கள். அவர்கள் ஐந்து பேர், இவன் ஒருவன். ஆசிரியர் திரும்பிப் பார்க்கும்போது கண்ணில் படுவது பெரும்பாலும் இரண்டாவது அடிதான், தண்டனைப் பதிவேட்டில் ஏறுவது இவன் பெயர். இன்னொன்று, சீண்டலுக்கும் ஆளாகித் தானும் சீண்டும் பிள்ளைகள்தான் பின்னாளில் எல்லாரையும்விட அதிகம் பாதிக்கப்படுகிறார்கள் என்பது 2013இல் வந்த நீண்டகால ஆய்வின் முடிவு. உங்கள் பின்வரிசைப் பையனே வேறெங்காவது அடி வாங்குபவனா என்பதையும் இதனால்தான் பார்க்க வேண்டும்.

அடிப்பதற்குப் பதிலாக அவன் செய்யக் கூடியதை வீட்டில் வாய்விட்டுப் பழகட்டும். ஒரே வாக்கியம், குரல் ஏறாமல்: "நிறுத்து. எனக்குப் பிடிக்கல." பதிலுக்குக் காத்திருக்காமல் திரும்பி, முன்பே பேசி வைத்த இடத்துக்கு, முன்பே பேசி வைத்த ஆசிரியரிடம் நடக்க வேண்டும். போகும் இடம் முடிவாகாமல் வெறும் "கண்டுக்காம வந்துடு" என்று சொன்னால் அவனுக்கு அது ஒன்றும் செய்யாதே என்றுதான் கேட்கும். எதிர்த்தரப்புப் பெற்றோருக்கு அப்பா நேரில் போன் செய்யக் கூடாது. இரண்டு குடும்பச் சண்டையாக மாறிவிட்டால் பள்ளி கை கழுவிவிடும். பள்ளிக்கு எழுத்தில் கொடுக்கட்டும்: நடந்தது தேதிவாரியாக, பிள்ளையிடம் தெரியும் மாற்றம், பள்ளி என்ன செய்யும், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் பதில். ஒரு பக்கம் தாண்ட வேண்டாம்.

பின்தொடர்தலில்தான் பெரும்பாலான பள்ளிகள் கோட்டை விடுகின்றன. முதல் பேச்சுக்குப் பிறகு 2 நாள், 1 வாரம், 2 வாரம், 1 மாதம் என்று அவனைப் பாருங்கள். "இப்போ சரியா இருக்கா?" என்றால் "சரி மிஸ்" என்பான். "போன வாரம் 10க்கு 8 அளவுக்குக் கஷ்டம்னு சொன்ன, இந்த வாரம் எத்தனை?" என்று கேளுங்கள். எண் குறையவே இல்லை என்றால் நின்றது போலத் தெரிவது வேறு வடிவம் எடுத்திருக்கலாம். சத்தம் அடங்கி, யாரும் அவனிடம் பேசாமல் ஒதுக்கிவைப்பது வழக்கமாக நடப்பது, அது ஆசிரியர் கண்ணுக்கு அமைதியாகத் தெரியும்.

பிரிவு மாற்றுவது என்றால் முதலில் நடத்துபவனை மாற்றுங்கள். பாதிக்கப்பட்டவனை மாற்றினால் வகுப்பு கற்றுக்கொள்வது, இப்படிச் செய்தால் ஆளை அனுப்பிவிடலாம் என்பதைத்தான். பட்டப்பெயரும் அவனோடு அடுத்த பிரிவுக்குப் போய்விடும், குழுச் செய்தி ஒன்று போதும். அவனே கேட்டால் மட்டும் மாற்றுங்கள், அதையும் பருவத் தொடக்கத்தில் வேறு சில மாணவர்களோடு சேர்த்து மாற்றுங்கள். புது வகுப்பாசிரியரிடம் உங்கள் குறிப்பேட்டைக் கையில் கொடுத்துவிடுங்கள், அங்கே இவன் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டிய பையன் யார் என்பதையும் முதல் நாளுக்கு முன்பே முடிவு செய்யுங்கள்.